அட்டெண்டர்

அக்கா சாப்பிடும் மாத்திரைகளில் இரண்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒன்று மெர்காப்டோபூரின், தினமும் ராத்திரி. இன்னொன்று மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை. வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியதைத் தெரியாமல் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்சால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அவளுக்கு வந்திருப்பது ஏ.எல்.எல். என்று சொல்லப்படும் ரத்தப் புற்றுநோய். ஏழெட்டு மாதம் ஊசியும் ட்ரிப்ஸுமாகப் போனது. இந்த மாத்திரைக் கட்டம் இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

அந்த ஏழெட்டு மாதமும் நான்தான் அட்டெண்டர். மருத்துவமனைக்குள் எனக்குப் பெயர் கிடையாது. "பதினாலாம் பெட் அட்டெண்டர் யாருங்க?" என்று சிஸ்டர் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். ராத்திரி தூக்கம் வராதபோது மொபைலில் இந்த மருந்துகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பயத்தைக் குறைத்துக்கொள்ளத்தான். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தட்டுப்பட்டது. இந்த வரலாற்றில் முக்கியமான இடங்களில் நிற்கிறவர்களில் சிலர், அதற்கு முன்பே வீட்டில் ஒருவர் சாவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தவர்கள். கிட்டத்தட்ட என்னைப் போன்ற அட்டெண்டர்கள்.

முதலில் நமக்குத் தெரிந்தவரிடமிருந்தே தொடங்கலாம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். தேவதாசி ஒழிப்பு, சட்டமன்றம் என்று அவரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அக்கா ஒரு டாக்டர். படித்த படிப்பு, தெரிந்த மனிதர்கள் எல்லாம் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு இந்தப் பக்கம் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனைகூடக் கிடையாது. பிறகு மேல்படிப்புக்கு லண்டன் போனவர் அங்கே புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குவதைப் பார்த்தார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அப்படியொன்று இங்கேயும் வேண்டும் என்று பேசினார். அது நடக்க இன்னும் பத்தொன்பது வருடம் ஆனது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே டாக்டர். அடுத்த வருடம் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டு அவர் போகவில்லை.

தங்கை இறந்ததற்கும் மருத்துவமனை திறந்ததற்கும் இடையில் 31 வருடம். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ஐ.சி.யூ. வாசலில். அந்த இடத்தில் 31 வருடம் என்ற எண் ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது.

அதே 1923 அக்டோபரில், அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த இன்னொருவர் கப்பலில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அண்ணனைப் பறிகொடுத்தவர். அந்த நோய் வந்தால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றி ஆள் துரும்பாகிவிடுவார். பின்னாளில் சுப்பாராவுக்கும் அதே நோய் வந்து, ஆசண்ட லட்சுமிபதி என்ற ஆயுர்வேத மருத்துவரின் வைத்தியத்தில் பிழைத்தார். ஸ்ப்ரூவுக்கு மருந்து என்ன என்ற கேள்வி அவரை விடவே இல்லை. 1940-இல் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவில் வரும் ரத்தசோகைக்கு அது மருந்தானது. அண்ணனைப் பொறுத்தவரை ரொம்பத் தாமதம்.

இங்கிருந்துதான் கதை அக்காவின் வெள்ளிக்கிழமை மாத்திரைக்கு வருகிறது, அதுவும் ஒரு பெரிய பின்னடைவு வழியாக. பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் ரத்தசோகைக்கு உதவுகிறதே, ரத்தப் புற்றுநோய்க்கும் உதவுமா என்று அதன் வகைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். உதவவில்லை. நோய் இன்னும் வேகம் எடுத்தது போலிருந்தது. அந்த முடிவை அவர் தலைகீழாகப் போட்டு யோசித்தார். ஃபோலிக் அமிலம் தீனி போடுகிறது என்றால், அதைத் தடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கிற அமினோப்டெரின் என்ற பொருளை சுப்பாராவின் ஆட்கள் லெடர்லியிலிருந்து அனுப்பினார்கள். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். கொடுத்துப் பார்த்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. வீங்கிய வயிறு வற்றி, எழுந்து நடந்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகம்' என்ற சொல் இருக்கிறது. சில மாதங்களில் நோய் திரும்ப வந்தது. அந்த ஆகஸ்டில் 53 வயதில் சுப்பாராவும் இறந்துவிட்டார். அமினோப்டெரினின் உடன்பிறப்பு மாதிரியான மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட்.

ராத்திரி மாத்திரையின் கதையும் இப்படித்தான். நியூயார்க்கில் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயதாகும்போது, அவர் மிகவும் நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். வேதியியல் படிப்பது என்று அப்போது முடிவெடுத்தார். பெண் என்பதால் ஆய்வுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. பள்ளியில் பாடம் நடத்தினார். ஒரு ஆய்வகத்தில் சம்பளமே இல்லாமல் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். கடைசியில் 1944-இல் ஒரு மருந்து நிறுவனத்தில் இடம் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் அங்கே உருவானது மெர்காப்டோபூரின். 1953-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலியன் முனைவர் படிப்பை முடிக்கவே இல்லை. 1988-இல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் மெர்காப்டோபூரினும் தனியாகக் கொடுத்தால் சில காலத்துக்குத்தான். நோய் திரும்பிவிடும்.

1960களில் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிலையத்தில் எமில் ஃப்ரைரைக்கும் எமில் ஃப்ரையும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் இந்த இரண்டும் இருந்தன. மூன்றாவதான வின்கிரிஸ்டின், நம்மூர்ச் சுடுகாட்டு ஓரங்களில் பூத்துக் கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. நான்காவது ஸ்டீராய்டு. குழந்தைகளின் ரத்தம் சுத்தமானது. பிறகு சிலருக்குத் தலைவலி வந்தது, வாந்தி வந்தது, பார்வை மங்கியது. ரத்தத்தில் விரட்டிய நோய், மருந்து போய்ச் சேராத மூளையில் ஒளிந்திருந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்தை நேராக அங்கே சேர்க்கிற முறை சிகிச்சையின் கட்டாயப் பகுதியானது இதற்குப் பிறகுதான். 1962-இல் மெம்ஃபிஸில் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் இதையெல்லாம் ஒன்றாகக் கோத்தார். அந்தப் பத்தாண்டின் முடிவில் அங்கே ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் முழுசாகக் குணமாகும் நிலை வந்தது. இன்று பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. அக்காவுக்கு 36.

அவள் முதுகில் ஊசி இறங்கும்போது மஞ்சள் நிறத்தில் அந்த மருந்தைப் பார்த்திருக்கிறேன். மருந்து என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முன்னால் போனவர்களுக்கு எங்கே தவறிப்போனது என்பதன் பட்டியலும் அந்த ஊசிக்குள் இருக்கிறது.

மூன்றாவது சுற்று முடிந்ததும் அக்காவுக்குக் கவுண்ட் இறங்கியது. ரத்தத்தில் கிருமியோடு மோதுகிற நியூட்ரோஃபில்கள் 500-க்குக் கீழே போனால் அபாயம். அவளுக்கு 80. ராத்திரி பதினொன்றரைக்கு 102 டிகிரி ஜுரம். விடிவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். ஆறு நாள். அடுத்த சுற்று மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் என் தலைக்குள் ஒரே கேள்விதான்: மருந்து போகாத இந்த நாட்களில் உள்ளே அது வளர்கிறதா? டாக்டரிடம் தினமும் கேட்டேன். "கவுண்ட் ஏறட்டும் தம்பி" என்பதே தினமும் பதில்.

இந்த எண்ணுக்கும் வரலாறு இருக்கிறது. வெள்ளணு எவ்வளவு குறைகிறதோ, எத்தனை நாள் குறைந்தே இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தொற்று கூடும் என்பதை 1966-இல் ஜெரால்ட் போடியும் ஃப்ரைரைக்கும் சகாக்களும் எண்களோடு காட்டினார்கள். அதற்கு முன்பே ஃப்ரைரைக்கின் வார்டில் குழந்தைகள் மூக்கிலும் ஈறுகளிலும் ரத்தம் வழிந்து செத்துக்கொண்டிருந்தார்கள். தட்டணுக்களை ஏற்றினால் ரத்தப்போக்கு நிற்கிறது என்று அவர் நிரூபித்தார். இந்த இரண்டு கண்டுபிடிப்பும் சேர்ந்து அட்டெண்டரின் வேலையையே மாற்றிவிட்டன. 1923-இல் முத்துலட்சுமியால் பக்கத்தில் இருக்க முடிந்தது. இன்றைக்கு நான் தெர்மாமீட்டர் பார்க்க வேண்டும், பச்சைக் காய்கறியும் பூவும் அறைக்குள் வராமல் தடுக்க வேண்டும், பிளேட்லெட் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும், ஆப்பிளோடு வருகிற பெரியம்மாவை மனம் நோகாமல் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். மருத்துவம் வளர வளர, கூட இருப்பவரின் வேலையும் வளர்ந்திருக்கிறது.

கூட இருக்கவே விடாத காலமும் இருந்தது. 1940களிலும் 50களிலும் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்துவிட்டால் பெற்றோர் வாரத்தில் ஏதோ சில மணி நேரம்தான் பார்க்க முடியும். தொற்று வரும், அம்மாவைப் பார்த்தால் குழந்தை அழும் என்று காரணம் சொன்னார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுப் பெண்குழந்தையை நாள்வாரியாகப் படமெடுத்துக் காட்டினார். பல டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. 1959-இல் வெளியான பிளாட் அறிக்கை பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொன்னது. நம்மூரில் கதை வேறு. இங்கே அட்டெண்டர் இல்லாவிட்டால் வார்டே நடக்காது. சாப்பாடு, பெட்பேன், மருந்துக் கடை, லேப், பில் கவுண்டர் எல்லாம் அவர் தலையில். ஆனால் அவர் படுக்க ஒரு பாய் விரிக்கிற இடத்துக்கு வராந்தாவில் சண்டை நடக்கும்.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்குத் திரும்பிய மறுநாள் அக்கா சொன்னாள்: "எல்லாரும் ஃபைட் பண்ணு, ஃபைட் பண்ணுன்னு மெசேஜ் போடுறாங்கடா. நான் என்னத்த ஃபைட் பண்றேன்? படுத்துத்தான கெடக்கேன். திரும்ப வந்துட்டா, நீ சரியா ஃபைட் பண்ணலன்னு சொல்லுவாங்களா?"

1971-இல் நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம் 'புற்றுநோய் மீதான போர்' என்றே பெயர் எடுத்தது. அரசிடம் பணம் வாங்க அந்தச் சொல் உதவியிருக்கலாம். படுத்துக் கிடப்பவளுக்கு அது இன்னொரு சுமை. அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சொல்லை யாரும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் ஒரு நூறு பக்க நோட்டு இருக்கிறது. தேதி, ஜுரம், கவுண்ட், எத்தனை இட்லி, எத்தனை வாந்தி. பின்பக்கத்தில் பிளேட்லெட் கொடுத்த பதினொரு பேரின் பெயரும் ரத்த வகையும். ஏழு பேர் முன்பின் தெரியாதவர்கள். ஒரு பையன் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்து, ஒன்றரை மணி நேரம் மெஷினில் படுத்திருந்துவிட்டு, ஜூஸ்கூட வேண்டாம் என்று பஸ் பிடித்துப் போனான். முத்துலட்சுமியும் சுப்பாராவும் எலியனும் இழப்பிலிருந்து ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். அது அவர்கள் பெருமை. ஆனால் இழப்பைப் பெரிதாக எதுவும் ஆக்காமல், ஜுரத்தை மட்டும் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் இந்த வரலாற்றில் அதிகம். ஃபார்பரின் 16 குழந்தைகளுக்குப் பின்னாலும் அப்படி யாரோ இருந்திருப்பார்கள். அந்தக் கட்டுரையில் அவர்களுக்கு இடமில்லை.

உங்கள் நண்பர்களில் யாராவது இப்போது அட்டெண்டராக இருந்தால், பேஷண்ட் எப்படி இருக்காங்க என்று ஒரு நாளில் பத்தாவது ஆளாகக் கேட்காதீர்கள். என் கல்லூரித் தோழன் ஒருவன் அப்படி எதுவும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போர்வையும் சார்ஜருமாக வருவான். என் கழுத்திலிருந்து அட்டெண்டர் பாஸைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வான். "நீ போய்த் தூங்குடா, காலைல ஆறு மணிக்கு வா போதும்" என்பான். ஏழு மாதத்தில் நான் முழுசாகத் தூங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.