குன்னூர் எலிகளும் கரிசல்காட்டு உணவும்

உணவுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வரலாற்றில் தமிழ்நிலத்துக்கு ஒரு பழைய பங்குண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராயச் சிறு பிரிவொன்று தொடங்கப்பெற்றது. அதை நடத்தியவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் ஐரிஷ் மருத்துவர். அப்பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

இந்தியாவின் பல பகுதி மக்களின் அன்றாட உணவை மெக்காரிசன் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டியுடன் பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று உண்ட எலிகள் செழித்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. அரிசி தாழ்ந்தது, கோதுமை உயர்ந்தது என்று முடிவுகட்ட நமக்குத் தோன்றும். ஆனால் 1920களில் அவரே செய்த மற்றொரு சோதனை அம்முடிவை மறுக்கிறது. தானிய மாவு மிகுந்து, வைட்டமின் ஏ குறைந்த உணவை உண்ட எலிகளின் சிறுநீர்ப்பையில் கற்கள் விளைந்தன. அதே உணவோடு பாலைச் சேர்த்ததும் கல் விளைவது நின்றது. ஆகவே குறை தானியத்தில் மட்டும் இல்லை. அது துணையின்றித் தனியே நின்றதில் இருந்தது.

அவ்வைட்டமின் குறைந்தால் சிறுநீர்ப்பாதையின் உள்தோல் தடித்து உதிரும். உதிர்ந்த துகளைப் பற்றிக்கொண்டு உப்புகள் கல்லாகத் திரளும். நம் முன்னோர் கல்லடைப்பு என்றழைத்த நோய்க்கு இதுவும் ஒரு வழி.

இப்பாடத்தை அர்ச்சுனா நதிக்கரையிலுள்ள ஆனைக்குட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த மண். கம்பங்கூழ் தனியே உண்ணப்படவில்லை; மோரும் வெங்காயமும் கீரையும் அதனுடன் வந்தன. இன்று விருதுநகர் வட்டாரத்தின் பெயர் சொல்லும் உணவு, எண்ணெயில் பொரித்த பரோட்டா. தவிடும் முளையும் நீக்கிய மைதா, எண்ணெய், உப்பு மிகுந்த சால்னா. துணை உணவுகள் விலகிவிட்டன.

மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சுண்ணாம்புச் சத்தையும் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றும். உடற்பருமனும் நீரிழிவும் சேர்ந்தால், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சமாக உள்ள வடிகட்டி முடிச்சுகள் அளவுமீறி உழைக்கின்றன; அவற்றின் சவ்வு தடித்துத் தழும்பேறுகிறது. நீரிழிவில் தோன்றும் இத்தழும்பைக் கிம்மல்ஸ்டீல், வில்சன் இருவரும் 1936இல் விவரித்தனர். அழிந்த முடிச்சு மீண்டும் முளைப்பதில்லை.

பட்டாசுக் கொட்டகையிலிருந்து களைத்துத் திரும்புவோர் பரோட்டாப் பொட்டலம் வாங்குவதை நாவின் ஆசை என்று மட்டும் நாம் பழிப்பது தகாது. கூழ் காய்ச்சவும் கீரை ஆயவும் நேரம் வேண்டும். அந்நேரத்தைக் கூலிவேலை எடுத்துக்கொண்டது. குன்னூரில் எலிகளின் உணவை ஆய்வாளர் தேர்ந்தார். இங்கே அதைப் பெரும்பாலும் தேர்வது வேலை நேரமும் வருமானமும்தாம். சிறுநீரகமோ பெரும்பகுதி கெடும்வரை வலியால் எச்சரிப்பதில்லை. சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கும் எளிய சோதனைகள் அதற்கு முன்பே சொல்லிவிடும். அவை அத்தொழிலாளியை எட்டவேண்டும். மோரும் கீரையும் மீண்டும் அவர் உணவில் சேரவேண்டும்.