நாவிதருக்கு 15 கலம் நெல்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன மாசம் நடந்த ஒரு சின்ன சம்பவம் எழுத வச்சிடுச்சு. முதல்ல சம்பவம், அப்புறம் சரித்திரம். பொறுமையா வாங்க.

எங்க ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் பக்கம், வாலாஜாபாத்துக்குக் கிட்ட. வெளியூர்க்காரங்களுக்கு ஏரி தெரியும், ஊர் தெரியாது. மாவட்டத்துல பெரிய ஏரிகள் எதுன்னு கேட்டா எங்க ஏரி பேரு கட்டாயம் வரும். திரையன் ஏரிதான் தென்னேரி ஆச்சுன்னு சொல்லுவாங்க. தொண்டைமான் இளந்திரையன் வெட்டினதுன்னு எங்க தாத்தா, ஏதோ பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்லுவார் :-)

இந்த ஊர்ல நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு மாலை நேர வகுப்பு நடத்துறோம். ஒருத்தர் வீட்டு முன் கூடம்தான் இடம். தறிக்குப் போறவங்க, ஒரகடம் பக்கம் கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க முப்பது பேர் வரைக்கும் வருவாங்க. பாடம் எடுக்குறது ஒரு அக்கா. பி.எட். முடிச்சவங்க. மாசம் 4,000 ரூபா கொடுக்குறோம். இந்தக் காலத்துல அது சம்பளமே இல்லைன்னு எங்களுக்கும் தெரியும். அதையே நாலு மாசம் பாக்கி வச்சிட்டோம்.

கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனி சட்டத்துல இருக்கே, அதை நம்பி ஒரு அறக்கட்டளைக்கு மனு போட்டோம். (பேரெல்லாம் வேணாம்.) அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான். காப்பி எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் ரெண்டு தரலாம் சார். டெஸ்க், வாட்டர் ஃபில்டர், வெளியில ஒரு போர்டு... தாராளமா பண்ணலாம்."

"டீச்சர் சம்பளம்?"

"அது தொடர் செலவு சார். எங்க கமிட்டி ஒத்துக்காது. ஒரு தடவை செலவுன்னா சொல்லுங்க."

அதோட, பதிவாகி மூணு வருஷம் வேலை பார்த்த அனுபவம் வேணும், 80ஜி வேணும், 12ஏ வேணும்னு ஒரு பட்டியல். எங்ககிட்ட இருந்தது ஒரு ரசீது புத்தகமும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும். திரும்பி வர்றப்ப பஸ்ல அக்காகிட்ட சொன்னேன். "கம்ப்யூட்டர் தானா பாடம் எடுக்குமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கப்புறம் வாலாஜாபாத் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது திருமுக்கூடல் கல்வெட்டு.

வாலாஜாபாத்துல இருந்து செங்கல்பட்டு ரோட்டுல போனா பழையசீவரம் வரும். அங்கே பாலாத்துப் பாலத்தைத் தாண்டினா திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம், அதான் அந்தப் பேரு. மாட்டுப் பொங்கலுக்கு காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு வந்து, அங்கிருந்து இந்தக் கோயிலுக்கும் எழுந்தருளுவார். கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். சின்ன வயசுல கரும்பும் பொரியுமா அந்த ஆத்து மணல்ல ஓடினவன் நான். கோயில் சுவர்ல எழுத்து இருக்கும்னு தெரியும். என்ன எழுத்துன்னு முப்பது வயசு வரைக்கும் தெரியாது.

அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் அது. இப்ப மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. சுவர்ல இருக்குறது வீரராஜேந்திர சோழனோட 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது சுமார் 1068. வீரராஜேந்திரன் ராஜேந்திர சோழனோட பிள்ளைகள்ல ஒருத்தன், 1063லேர்ந்து 1070 வரைக்கும் ஆண்டவன். 1915ல கல்வெட்டுத் துறை படியெடுத்தது. பிறகு கே.வி. சுப்பிரமணிய அய்யர் எபிகிராஃபியா இண்டிகாவோட 21ஆம் தொகுதியில முழுசாப் பதிப்பிச்சார்.

மத்த கல்வெட்டுலயெல்லாம் மெய்க்கீர்த்தி முடிஞ்சதும் "இன்னார் விளக்கெரிக்க ஆடு தந்தார்"னு நாலு வரியில முடிஞ்சிடும். இது அப்படி இல்லை. ஒரு ஸ்தாபனத்தோட வருஷாந்திர பட்ஜெட்டையே சுவர்ல செதுக்கி வச்சிருக்காங்க.

விஷயம் இதுதான். மாதவன் தாமயன்னு ஒரு வணிகர், கோயில்ல ஜனநாத மண்டபம்னு ஒரு மண்டபம் கட்டினார். அங்கே ஒரு வேத பாடசாலை, மாணவர்களுக்கு ஒரு விடுதி, அதோட ஒரு ஆஸ்பத்திரி. கல்வெட்டுல ஆஸ்பத்திரிக்குப் பேரு ஆதுலர் சாலை. ஆதுலர்னா நோயாளி. 'வீரசோழன்'னு ராஜா பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. (அப்பவும் போர்டு உண்டு போல!) படுக்கை 15.

இதுக்கெல்லாம் பணம் எங்கேயிருந்து? வயலைக்காவூர்னு ஒரு ஊர். அந்த ஊர் வரி 75 கழஞ்சு பொன் இந்தக் கோயில் காரியத்துக்குன்னு ஆச்சு. கங்கைகொண்ட சோழபுரம் அரண்மனையில இருந்து ராஜாவோட ஆணை, அதுக்கப்புறம் அதிகாரிகள் கணக்கு.

கணக்குன்னா லேசான கணக்கு இல்லை. ஆஸ்பத்திரியை மட்டும் பாருங்க.

வைத்தியர் ஆலப்பாக்கத்துக்காரர், சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அதுபோக பரம்பரையா அனுபவிக்க நிலம். அறுவை பண்றவருக்கு 30 கலம். மூலிகை பறிச்சு, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சுற ஆட்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து 60 கலம், 2 காசு. நோயாளிகளைப் பார்த்துக்குற பெண்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து 30 கலம், 1 காசு. நாவிதருக்கு 15 கலம். தண்ணீர் கொண்டுவர்றவருக்கு 15 கலம். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. மருந்துச் சரக்கு வாங்க வருஷத்துக்கு 40 காசு. ராத்திரி பூரா ஒரு விளக்கு எரிய எண்ணெய்க்கு இரண்டேகால் காசு. குடிதண்ணில போட ஏலக்காயும் வெட்டிவேரும் கூட உண்டு!

நான் பேப்பர்ல வகுத்துப் பார்த்தேன். ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. வருஷத்துக்கு 360 நாள்னு வச்சா, வைத்தியருக்கு நாள் ஒண்ணுக்கு 3 குறுணி நெல். அறுவை பண்றவருக்கு 1 குறுணி. மூலிகை பறிக்கிறவங்களுக்கும் ஆளுக்கு 1 குறுணிதான். அதாவது கத்தி பிடிச்சவரும் வேர் பிடுங்கினவரும் நெல்லுல சமம். இன்னைக்கு சர்ஜனுக்கு இருக்குற மவுசை நினைச்சா சிரிப்பு வருது. பெண்களுக்கும் நாவிதருக்கும் தண்ணிக்காரருக்கும் ஆளுக்கு 4 நாழி. ராப்பகலா நோயாளி பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் குறைச்சல் கூலிங்கிறது அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கு பாருங்க.

கணக்கு எல்லா ஆளுக்கும் சரியா, மிச்சமில்லாம குறுணியிலயும் நாழியிலயும் வகுபடுது. ஆக, முதல்ல தினக்கூலியைத்தான் முடிவு பண்ணியிருக்கணும். அதை வருஷத்துக்குப் பெருக்கி, அதுக்கப்புறம்தான் கல்லுல வெட்டினாங்கன்னு நான் நினைக்கிறேன். இந்த வேலை நடக்க யார் யார் தேவை, அவங்க தினம் எதைச் சாப்பிடுவாங்க? அந்தக் கேள்வியில இருந்து எழுந்த பட்ஜெட் இது. கட்டடத்துக்கு எவ்வளவு, போர்டு எத்தனை அடின்னு ஆரம்பிக்கலை.

மருந்துப் பட்டியல் இன்னொரு சுவாரஸ்யம். கிட்டத்தட்ட 20 மருந்து, ஒரு வருஷத்துக்கு இருப்பு. வாசாஹரீதகி, கோமூத்ர ஹரீதகி, தசமூல ஹரீதகின்னு கடுக்காய் சேர்ந்த லேகியங்கள். லசுனாத்யேரண்ட தைலம்னு ஒண்ணு, பூண்டும் ஆமணக்கெண்ணெயும் (வாசனையை நீங்களே கற்பனை பண்ணிக்குங்க). வில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாணக லவணம். புராண கிருதம்னா பழைய நெய். நெய்யைப் பழசாக்கி மருந்தா வைக்கிறது ஆயுர்வேதத்துல உண்டு.

பாடசாலையில ரிக்வேதத்துக்கு ஒரு ஆசிரியர், யஜுர்வேதத்துக்கு ஒருத்தர், வியாகரணமும் ரூபாவதாரமும் சொல்லித்தர ஒருத்தர். சாப்பிடுற மாணவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், படிக்க விளக்கு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வரைக்கும் மானியத்துல எழுதின ஒரு ஆளை நினைச்சுப் பாருங்க. அவர் விடுதியில இருந்து படிச்ச ஆளாத்தான் இருக்கணும், சந்தேகமே இல்லை.

உடனே "ஆஹா பொற்காலம்"னு யாரும் கிளம்பிடாதீங்க. இந்த ஆஸ்பத்திரி ஊர்ல எல்லாருக்கும் திறந்த கதவு இல்லை. பாடசாலை மாணவர்களுக்கும் கோயில்ல வேலை பார்க்குறவங்களுக்கும்தான். வேதம் படிக்க யாருக்கு அனுமதி இருந்ததுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்க கூடத்துக்கு வர்ற முப்பது பிள்ளைங்கள்ல ஒண்ணு கூட அந்த மண்டபத்துல உட்கார்ந்திருக்க முடியாது. அந்த 75 கழஞ்சு பொன்னும் ராஜா பெட்டியில இருந்து வரலை. வயலைக்காவூர்ல ஏர் பிடிச்சவன் கட்டின வரி. அவனுக்குக் காய்ச்சல் வந்தா 15 படுக்கையில ஒண்ணு கிடைச்சிருக்குமா? கல்வெட்டு அதைப் பத்திப் பேசலை.

இதே காஞ்சியில இதுக்கு எண்பது வருஷம் முன்னாடி இன்னொரு ஏற்பாடு நடந்தது. உத்தம சோழனோட செப்பேடு, இப்ப சென்னை அருங்காட்சியகத்துல இருக்கு. ஊரகம் பெருமாள் கோயிலுக்கான (உலகளந்த பெருமாள்னா தெரியும்) அறக்கட்டளைகளை ஒழுங்கு பண்ற ஆணை. பொன்னை ஊர்களிலும் காஞ்சியோட சேரிகளிலும் வட்டிக்குக் கொடுத்து, முதல் கரையாம வட்டியில செலவு. கம்புலான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரின்னு நாலு நெசவாளர் சேரிகள் பேர் அதுல வருது. கோயில் காரியத்தைக் கவனிக்கிற பொறுப்பு தறிக்காரங்ககிட்ட! திருவிழா முடிஞ்சதும் கணக்கைத் தணிக்கை பண்ணணும்னும் இருக்கு. காசு கொடுத்தவனோட ஆள் வந்து மேற்பார்வை பார்க்கலை, பக்கத்துத் தெருக்காரனே பார்த்துக்கிட்டான். இந்த இடத்தைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்தது. எங்க அம்மா வழி எல்லாம் தறிதான்.

சொத்து எழுதி வச்சா மட்டும் எல்லாம் நடந்துடுமா? பச்சையப்ப முதலியார் கதை தெரியும்தானே. 1794ல காலமானார். தர்மத்துக்குன்னு உயில் எழுதி வச்ச பணம் கோர்ட்டு, வழக்குன்னு சுத்தி, அந்தப் பணத்துல சென்னையில பள்ளிக்கூடம் திறந்தது 1842ல. இடையில 48 வருஷம்! அப்புறம் காஞ்சிபுரத்துலயும் பச்சையப்பன் பள்ளி வந்தது, அண்ணா அங்கேதான் படிச்சார். ஆனா அந்த 48 வருஷத்துல படிக்காமலே போன பிள்ளைங்களை யாரும் கணக்கெடுக்கலை.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். நிர்வாகச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு வேணும்கிறதுல எனக்கு மறுப்பு இல்லை. தர்மத்துப் பேரைச் சொல்லி கார் வாங்கினவங்களை நாமளும் பார்த்திருக்கோம். வெளிநாட்டு நிதி வாங்குற அமைப்புகளுக்கு 2020ல நிர்வாகச் செலவை 50 சதவீதத்துல இருந்து 20 ஆக்கினாங்க. அது ஒரு விதி, அதுக்கு ஒரு காரணம். ஆனா பாடம் எடுக்குறவங்க சம்பளம் எப்படி நிர்வாகச் செலவாகும்? பள்ளிக்கூடத்துல வாத்தியார்தானே வேலையே! அந்தச் சட்டத்துல வாத்தியாருக்குக் கொடுக்காதேன்னு எங்கேயும் சொல்லலை. கொடுக்குறவங்களுக்கு போட்டோ எடுக்குற மாதிரி ஏதாவது வேணும். கம்ப்யூட்டரை போட்டோ எடுக்கலாம். நாலு நாழி நெல்லை எப்படி எடுக்குறது?

போன ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களையும் அக்காவையும் கூட்டிக்கிட்டு திருமுக்கூடல் போனேன். ரெண்டு ஷேர் ஆட்டோ. சுவருகிட்ட நின்னு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுத்தைக் காட்டினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் 'ன'வைக் கண்டுபிடிச்சிட்டான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். சம்பளப் பட்டியலைச் சொன்னப்ப, "டீச்சருக்கு எவ்வளவு சார்?"னு இன்னொரு பொண்ணு கேட்டா. நான் அக்காவைப் பார்க்கலை.

மறுநாள் சாயங்காலம் ரசீது புத்தகத்தை எடுத்துக்கிட்டு நாங்க நாலு பேரும் தெருவுல இறங்கினோம். வீட்டுக்கு மாசம் நூறு ரூபா. கம்ப்யூட்டர் இல்லை, போர்டு இல்லை, டீச்சர் சம்பளம்னு சொல்லியே கேட்டோம். இருபத்திரெண்டு வீடு ஒத்துக்கிட்டாங்க. ஏரிக்கரைத் தெரு இன்னும் பாக்கி இருக்கு. இந்த வாரம் போகணும்.