பிணையங்கள் வழக்குச் சட்டத்தரணி (இலங்கை)

பங்குகள், கடன் பத்திரங்கள் தொடர்பான வழக்குகளை நடத்துபவர். இலங்கைச் சட்டக் கல்லூரியில் (நிறுவப்பட்டது 1874) அல்லது பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பின்னரே இத்துறைக்கு வர முடியும். மலையகத்து நாவலப்பிட்டி இளைஞர் ஒருவர் இதைத் தொழிலாகக் கொண்டால், வேலைக்களம் பெரும்பாலும் கொழும்புதான். பங்குச் சந்தையும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவும் வர்த்தக மேல் நீதிமன்றமும் அங்கேதான் உள்ளன.

1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம் பங்குச் சந்தை முறைகேடுகளைப் பெரிதும் குற்றவியல் வழியில் அணுகியது. ஆனால் குற்றவியல் வழக்கில், வெளியிடப்படாத உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கியதை ஐயமற நிறுவுவது கடினம்: வாங்கியவர் எதை, எப்போது, யாரிடமிருந்து அறிந்தார் என்பதை வணிகப் பதிவுகளிலிருந்து கோத்தெடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் குடியியல், நிர்வாக நடவடிக்கைகளுக்கும் வழிவிட்டது. மிக முக்கியமான மாற்றம் இதுவே.

1992இல் மலையகத் தோட்டங்கள் உள்ளிட்ட அரச தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. அக்கம்பனிகளில் பல பின்னர் பங்குச் சந்தைக்கு வந்தன. ஆகவே மலையகத்துக்கு இத்துறை அந்நியமானதல்ல.