சந்தேகம் வந்தால் தீர்ப்பு நமக்கு எதிராக: ஆர்க்கம் ஹாரர் கார்டு கேமின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சு நடை சரிசெய்யப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ராத்திரி 12 மணி இருக்கும். நாங்க நாலு பேர் ஆர்க்கம் ஹாரர் கார்டு கேம் ஆடிட்டு இருக்கோம். இது கூட்டா ஆடுற கேம். எல்லாரும் ஒரே பக்கம், எதிரி அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற கதைதான். நண்பன் ஒருத்தன் ரோலண்ட் பேங்க்ஸ் என்ற எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டா ஆடுறான். இந்த கேம்ல ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் சொந்தமா ஒரு பலவீனக் கார்டு உண்டு. ரோலண்டுக்கு அது 'கவர் அப்'. உண்மையை மூடி மறைச்ச குற்றம். அந்தக் கார்டு வந்தா அதுமேல 3 க்ளூ வைக்கணும். வழக்கமா கிடைக்கிற க்ளூவை விட்டுக்கொடுத்து, அதுல இருக்குற க்ளூவை ஒவ்வொண்ணா எடுக்கலாம். கேம் முடியும்போது அதுல ஒரு க்ளூ மிச்சம் இருந்தாலும் ரோலண்டுக்கு 1 மனக்காயம். அது அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும்.

இவனுக்குக் கார்டு வந்துடுச்சு, ஒரு க்ளூகூட எடுக்கல. சாகப்போற நிலைமை. 'ரிசைன்' பண்ணி வெளிய போயிட்டான். நாங்க மூணு பேர் ஆடி முடிச்சோம். "மனக்காயம் எழுதிக்கோடா"ன்னு சொன்னேன். "கேம் முடியும்போது நான் அங்க இல்லவே இல்லையே, எனக்கு எப்படி வரும்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும்: ஃபங்க்‌ஷன் ரிட்டர்ன் ஆன பிறகு அதோட வேரியபிளை யார் தேடப்போறாங்க?

புத்தகத்துல தேடினோம், அந்த நேரத்துல கண்ணுல படல. அப்போ நான் 'கிரிம் ரூல்' சொன்னேன். அவன் கடுப்பாயிட்டான். "நாம எல்லாம் ஒரே டீம்தானே? கேமுக்கு ஏன்டா வக்காலத்து வாங்குற?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த எபிசோட்.

கீப்பர் இருந்த காலம்

ஹெச். பி. லவ்கிராஃப்ட் 1890-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் பிறந்து 1937-ல் இறந்தவர். 'தி கால் ஆஃப் கதுலு' 1928-ல் வியர்ட் டேல்ஸ் பத்திரிகையில் வந்தது. ஆர்க்கம் என்பது மாசசூசெட்ஸில் அவர் கற்பனையாக உருவாக்கிய ஊர். மோசமான இனவெறியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது அவர் எழுத்திலேயே இருக்கிறது. இன்றைய கார்டு கேமில் ஜிம் கல்வர், அகாச்சி ஒன்யேலே போன்ற கறுப்பினக் கதாபாத்திரங்கள் நாயகர்களாக வருகிறார்கள். லவ்கிராஃப்ட் எழுதியிருந்தால் அது நடந்திருக்காது.

1981-ல் கேயாசியம் நிறுவனம் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த 'கால் ஆஃப் கதுலு' ரோல்பிளேயிங் கேமை வெளியிட்டது. இதில் உடல்நலத்தோடு மனநலத்துக்கும் ஒரு எண் உண்டு. பார்க்கக்கூடாததைப் பார்த்தால் அந்த எண் குறையும். இங்கே கவனிக்க வேண்டியது 'கீப்பர்' என்ற ஆள். கதையை நடத்துவதும் அவர், விதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்பு சொல்வதும் அவர்.

1987-ல் அதே கேயாசியம், ரிச்சர்ட் லானியஸ் வடிவமைத்த 'ஆர்க்கம் ஹாரர்' போர்டு கேமை வெளியிட்டது. இதில் கீப்பர் கிடையாது. அரக்கர்களை வரவழைப்பது, கதவுகளைத் திறப்பது எல்லாம் போர்டும் கார்டும் பார்த்துக்கொள்ளும். ஆட வந்த எல்லோரும் ஒரே பக்கம். 2005-ல் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் இதைப் புதுப்பித்து வெளியிட்டது.

இதற்கு நடுவே கார்டு கேம்கள் வேறு பாதையில் போனது. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் மேஜிக் வந்தது. அதில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக ஆடுவார்கள். நான் விதியைத் தப்பா எனக்குச் சாதகமா படிச்சா, எதிரே இருக்கிறவர் உடனே பிடிச்சிடுவார். போட்டி என்றால் நடுவரும் உண்டு. அதாவது சரிபார்க்கிற வேலை எதிராளியின் சுயநலத்திலேயே இருக்கிறது.

2011-ல் ஃபேன்டஸி ஃப்ளைட், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கார்டு கேமைக் கூட்டா ஆடுகிற கேமாகக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் நேட் ஃபிரெஞ்ச். 2016-ல் அவரும் எம்.ஜே. நியூமனும் சேர்ந்து ஆர்க்கம் ஹாரர் கார்டு கேமை உருவாக்கினார்கள். இரண்டு பாதையும் சேர்ந்த இடம் இது. கார்டு கேமின் நுணுக்கமான விதிகள் அத்தனையும் உண்டு. ஆனா கீப்பரும் இல்லை, எதிராளியும் இல்லை.

அப்போ விதியை யார் காப்பாத்துறது?

பைக்குள்ள என்ன இருக்கு

அதுக்கு முன்னாடி வியூகம் பற்றிக் கொஞ்சம். இந்த கேமில் பகடைக்குப் பதில் ஒரு பை. முதல் கதைத்தொடரில் ஸ்டாண்டர்ட் அளவில் 16 டோக்கன்: +1 ஒன்று, 0 இரண்டு, -1 மூன்று, -2 இரண்டு, -3 ஒன்று, -4 ஒன்று, மண்டையோடு இரண்டு, கல்டிஸ்ட் ஒன்று, டேப்லெட் ஒன்று, என்ன செய்தாலும் தோற்கடிக்கிற ஒன்று, நமக்கு உதவுகிற எல்டர் சைன் ஒன்று.

முதல் கதையில் உங்கள் இடத்தில் பிணந்தின்னிப் பேய் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போ மண்டையோடு 0, கல்டிஸ்ட் -1, டேப்லெட் -2. உங்கள் திறனும் சோதனையின் எண்ணும் சமமாக இருந்தால் 16-ல் 6 டோக்கன்தான் உங்களுக்குச் சாதகம். திறன் 1 கூடினால் 10. 2 கூடினால் 13. 3 கூடினால் 14. 4 கூடினால் 15. அதுக்கு மேல எவ்வளவு கூட்டினாலும் 15-தான்.

முதல் கார்டு 4 டோக்கன் வாங்கித் தருகிறது, இரண்டாவது 3, மூன்றாவதும் நான்காவதும் ஆளுக்கு ஒன்றுதான். அனுபவசாலிகள் 'ரெண்டு அதிகமா வெச்சுக்கிட்டு டெஸ்ட் எடு' என்று சொல்வதன் கணக்கு இதுதான். முக்கியமான சோதனைக்கு மட்டும் அதுக்கு மேல போங்க. மத்த கார்டை அடுத்ததுக்கு வைங்க.

இங்கேதான் எங்க வண்டவாளம் வருது. ஒருத்தர் சோதனை எடுக்கும்போது, அதே இடத்தில் இருக்கிற மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கார்டுதான் உதவிக்குப் போடலாம். நாங்க மாசக்கணக்கா ரெண்டு, மூணுன்னு போட்டிருக்கோம். மேல சொன்ன கணக்கை வெச்சுப் பாருங்க. 6-ல் இருந்து 13-க்கு ஒரே ஆளோட உதவியில தாவியிருக்கோம். அதைத் தெரிஞ்சுக்கிட்டதும் அந்தச் சண்டைக்கு மறுநாள்தான்.

கடுமையான விதி

ரூல்ஸ் ரெஃபரன்ஸ் புத்தகத்தில் 'கோல்டன் ரூல்' என்று ஒன்று உண்டு: கார்டும் புத்தகமும் முரண்பட்டால் கார்டு சொல்வதே செல்லும். இது பல கார்டு கேம்களிலும் இருக்கிற விஷயம். இன்னொன்றுதான் 'கிரிம் ரூல்'. ஒரு விதிச் சிக்கலுக்கு விடை கிடைக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் உங்கள் வெற்றிக்கு எது மிக மோசமோ அப்படியே தீர்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள் என்கிறது.

முதல் தடவை படிச்சப்போ, திகில் கேம் ஆச்சே, சும்மா பயமுறுத்த எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன். இப்போ அது ரொம்ப யோசிச்சு எழுதின விதின்னு தோணுது. எங்க தப்புகளைப் பட்டியல் போட்டோம். கிட்டத்தட்ட எல்லாமே எங்களுக்குச் சாதகமான தப்பு. யாரும் வேணும்னு ஏமாத்தல. நமக்கு நஷ்டம் வந்தா உடனே புத்தகத்தைத் திறக்கிறோம், லாபம் வந்தா திறக்கத் தோணல. எதிராளி இல்லாத மேஜையில அந்தச் சாய்வைச் சரிக்கட்ட ஒரு எதிர் எடை வேணும். எல்லாரும் கொஞ்சநேரம் கேமுக்கு வக்கீலா மாறணும். போன கீப்பரோட நாற்காலியை வடிவமைப்பாளர்கள் நம்ம கையிலேயே கொடுத்திருக்காங்க.

2019-ல் வந்த 'டாபூ' பட்டியலும் இதே நம்பிக்கையில் நிற்கிறது. ரொம்ப பலமான கார்டுகளுக்கு அனுபவப் புள்ளி விலையை ஏற்றினார்கள். டாக்டர் மிலன் கிறிஸ்டஃபர் போன்ற கார்டுகளைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் அந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டால் பின்பற்றலாம். உங்க வீட்டு மேஜைக்கு வந்து யாரும் பரிசோதிக்கப் போறதில்லை.

சரி, ரோலண்ட் என்ன ஆனார்? மறுநாள் காலையில 'எலிமினேஷன்' என்ற தலைப்புல விடை இருந்தது. ஆட்டத்திலிருந்து வெளியேறியவருக்கு, அவருடைய பலவீனக் கார்டுகளைப் பொறுத்தவரை, கேம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. 'கேம் முடியும்போது' என்கிற விளைவுகள் உடனே நடக்கும். அதாவது ஃபங்க்‌ஷன் ரிட்டர்ன் ஆகும்போதே கணக்கை முடிச்சுட்டுத்தான் விடுது. மூடி மறைச்ச குற்றத்திலிருந்து ரிசைன் பண்ணித் தப்பிக்க முடியாது.

குரூப்ல அந்தப் பக்கத்தோட போட்டோவை அவன்தான் முதல்ல போட்டான். நானா இருந்தா போட்டிருப்பேனான்னு சந்தேகம்தான். கீழே ஒரு வரி: "1 எழுதிக்கிட்டேன். ஆளுக்கு ஒரு கார்டு விதியையும் படிங்கடா."

நாங்க அந்தக் கதைத்தொடரை முதல்லேருந்து திரும்ப ஆடினோம். தோத்தோம். ஆனா இந்தத் தடவை பைக்குள்ள கை விடும்போது நிஜமாவே பயமா இருந்துச்சு. அதுக்குத்தானே அந்தப் பெட்டியைத் திறந்தோம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.