‘டூம்’ விளையாட்டுக் கோப்பும் உழைப்பின் உடைமையும்

கணினி விளையாட்டுக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வன்முறை குறித்தோ, அவை இளைஞரிடத்து ஏற்படுத்தும் பாதிப்புக் குறித்தோ பேசி அமைவர். ஒரு விளையாட்டு எவ்வாறு ஆக்கப்படுகிறது, எவருடைய உழைப்பு அதனுள் உறைந்து கிடக்கிறது, அவ்வுழைப்பின் பயனுக்கு யார் உரிமை கொண்டாடுகின்றனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. பண்பாட்டுப் பொருளை உற்பத்திப் பொருளாகவும் காணும் நோக்குடையோர் இவ்வினாக்களைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. விளையாட்டுக் கோப்புக்களைத் திறந்து, அவற்றினுள் அடங்கிய உருவங்கள், மேற்பரப்புப் படங்கள், ஒலிகள் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் பழக்கத்தின் வரலாறு இத்தகைய ஆய்வுக்கு நல்லதொரு வாயிலாகும். ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐடி சொவ்ற்வெயர் நிறுவனம் 1993 டிசம்பர் 10ஆம் நாள் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டை இங்கு எடுத்துக்கொள்வோம்.

இப்பழக்கம் டூமுடன் தோன்றியதன்று. 1981இல் வெளிவந்த ‘காசில் வுல்வென்ஸ்ரைன்’ விளையாட்டின் நாற்சிப் படையினரை நீக்கி, அவர்களிடத்தில் ‘ஸ்மேர்வ்’ என்னும் நீலநிறக் கேலிச்சித்திர மாந்தரை வைத்து 1983இலேயே சிலர் வேடிக்கை செய்துள்ளனர். ஐடி நிறுவனத்தின் ‘வுல்வென்ஸ்ரைன் 3டி’ 1992இல் வெளிவந்தபோதும் விளையாடுவோர் அதன் படங்களை மாற்றியமைத்தனர். ஆயின், அவ்வாறு மாற்றுவோர் மூலக்கோப்பையே அழித்தெழுத வேண்டியிருந்தது. இதனை அவதானித்த நிரலாளர் ஜோன் காமாக், டூமில் இயக்குநிரலை ஒருபுறமும், படம், ஒலி, களம் முதலிய உள்ளடக்கம் அனைத்தையும் ‘வாட்’ எனப்படும் கோப்பொன்றில் மறுபுறமுமாகப் பிரித்துவைத்தார்.

வாட் கோப்பின் அமைப்பு மிக எளியது. முதல் நான்கு பைற்றுக்கள் அது மூலக்கோப்பா, மேலே ஒட்டப்படும் இணைப்புக்கோப்பா என்பதைக் கூறும். அடுத்த நான்கு, உள்ளிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை. அதற்கடுத்த நான்கு, அட்டவணை இருக்குமிடம். அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 16 பைற்றுக்களால் ஆனது: துண்டு தொடங்குமிடம், அதன் அளவு, எட்டு எழுத்துக்கு மேற்படாத அதன் பெயர். தரை, கூரை ஆகியவற்றின் படங்கள் அகலத்தில் 64, உயரத்தில் 64 புள்ளிகளாக 4096 பைற்றுக்களில் வெறுமனே அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு புள்ளியும் 256 நிறங்கள் கொண்ட வண்ணத்தட்டில் ஓர் இலக்கம். ஒலிகள் பெரும்பாலும் நொடிக்கு 11,025 மாதிரிகளாகப் பதிவானவை. பூதங்களின் படங்களுக்கு இடப்பட்ட பெயர்களில் முதல் நான்கு எழுத்துக்கள் பூதத்தையும், ஐந்தாவது அசைவையும், ஆறாவது பார்க்கப்படும் கோணத்தையும் குறிப்பன. இவ்வளவும் அறிந்தவனுக்குக் கோப்பில் மறைபொருள் என எதுவும் இல்லை.

கோப்பைத் திறந்தவர்கள் கண்டது யாது? திரையில் பாய்ந்துவரும் பூதம் கணினியிற் பிறந்ததன்று. ஓவியர் ஏட்றியன் காமாக் களிமண்ணிற் பிசைந்த உருவங்களும், கிரெகர் பன்சாட்ஸ் என்னும் சிற்பி செய்தளித்த உருவங்களும் வெவ்வேறு கோணங்களிற் படம்பிடிக்கப்பட்டு, பின்னர் புள்ளி புள்ளியாகத் திருத்தப்பட்டன. துப்பாக்கிகளிற் சில விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியவை. அவற்றைப் பற்றியிருக்கும் கை, நிறுவனத்தின் ஓவியர்களுள் ஒருவரான கெவின் கிளவுட்டினுடையது. ஒலிகளைப் பொறுப்பேற்ற பொபி பிரின்ஸ், ‘சவுண்ட் ஐடியாஸ்’ என்னும் கனேடிய நிறுவனம் விற்பனைக்கு வைத்திருந்த ஒலித்தொகுதியை வெகுவாகப் பயன்படுத்தினார். அதனாலேயே டூமின் கதவோசை வேறு பல படைப்புக்களிலும் கேட்கின்றது. திரையில் ஒருமைப்பட்ட மாயவுலகாகத் தோன்றிய ஒன்று, கோப்பினுள் பலருடைய கைவினையின் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கும் என்று மார்க்ஸ் கூறியதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். பிரித்தெடுத்தல் அம்மறைப்பை ஓரளவு விலக்கியது.

விளையாட்டு வெளிவந்து சில வாரங்களுள் கருவிகள் தோன்றலாயின. நியூசிலாந்தைச் சேர்ந்த பிரெண்டன் வைபர், பெல்ஜியத்தைச் சேர்ந்த ரஃபாயேல் கினே ஆகியோரின் முயற்சியால் 1994இல் பரவிய ‘டியூ’ என்னும் நிரல் களங்களை ஆக்க உதவியது. ஒலிவியே மொந்தானுய் எழுதிய ‘டியூரெக்ஸ்’ கோப்பு முழுவதையும் தனித்தனிப் படங்களாகவும் ஒலிகளாகவும் பிரித்து, மீண்டும் கோக்கவும் வல்லதாயிற்று. எனினும் ஒரு தடையிருந்தது. இணைப்புக்கோப்பொன்றில் புதிய பூதப் படத்தைச் சேர்க்க விரும்பியவர், டூமின் பூதப் படங்கள் அனைத்தையும் அதனுள் வைத்தாலன்றி இயக்குநிரல் ஏற்கவில்லை; அவ்வாறு வைத்துப் பரப்பினாலோ அது பதிப்புரிமை மீறலாகும். ஆகவே புதிய படங்களை மாத்திரம் அனுப்பி, பெறுபவர் தம்மிடமுள்ள மூலக்கோப்புடன் அவற்றைக் கலந்துகொள்ளும் முறை உருவாயிற்று. இலவசமாக வழங்கப்பட்ட முதற்பகுதியோ எந்த இணைப்புக்கோப்பையும் ஏற்க மறுத்தது. திறந்துவிடப்பட்ட வாயிலிற் கட்டணம் வாங்குபவன் நின்றான்.

அவ்வாயிலினூடாக ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி உழைத்தனர். அவர்கள் செய்த ஒவ்வொரு களமும் மூலவிளையாட்டு விற்பதற்கு மேலும் ஒரு காரணமாயிற்று. ‘ரீம் ரிஎன்ரி’ குழுவினர் 1995இல் இலவசமாக வெளியிடவிருந்த களத்தொகுதியை, வெளியீட்டுக்குச் சற்று முன்னர் நிறுவனம் விலைக்கு வாங்கி, 1996இல் ‘ஃபைனல் டூம்’ என விற்றது. இக்குழுவினருக்கேனும் விலை கிடைத்தது. நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர் பெயர் அட்டையில் நிற்க, பாடியோர் பெயர் மறைந்த கதையை அறிந்த நமக்கு ஏனையோரின் நிலை வியப்பளிக்காது.

சட்டம் இவ்வுறவை எவ்வாறு நோக்கியது என்பதற்கு, டூமைப் போன்றதும் 1996இல் வெளிவந்ததுமான ‘டியூக் நியூகெம் 3டி’ பற்றிய வழக்குச் சான்றாகும். விளையாடுவோர் ஆக்கி இலவசமாகப் பகிர்ந்த 300 களங்களை மைக்ரோ ஸ்ரார் என்னும் நிறுவனம் இறுவட்டில் தொகுத்து விற்க, ஃபோம்ஜென் நிறுவனம் எதிர்த்தது. அக்களக்கோப்புக்களில் மூலவிளையாட்டின் படம் ஒன்றேனும் இல்லை; எந்தப் படத்தை எங்கு வைக்கவேண்டும் என்னும் கட்டளைகளே இருந்தன. எனினும் 1998இல் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், அவை மூலக்கதையின் தொடர்ச்சிகளாதலின் மூலத்தின் உரிமையாளருக்கே அவற்றின் மீது உரிமையுண்டு எனக் கருதியது. அதே கோப்பைக் கொண்டு வேறொரு விளையாட்டு, காகிதக் கவ்விகளால் உப்புக் குப்பிகளைக் கொல்லும் ஓர் அப்பாவியின் கதையைச் சொல்லுமாயின் நிலைமை வேறாகும் என அடிக்குறிப்பொன்றில் நகைச்சுவையாகவும் கூறிற்று. மைக்ரோ ஸ்ராரின் செயல் அப்பட்டமான சுரண்டலே. அதற்காக இரங்க வேண்டியதில்லை. ஆயின் வழக்கின் இருபுறத்தும் நின்றவை வணிக நிறுவனங்கள். 300 களங்களை ஆக்கியவர்கள் வாதிகளுமல்லர், பிரதிவாதிகளுமல்லர்.

டூமின் இயக்குநிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டு, 1999இல் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது. ஒலியை இயக்கிய பகுதி பிறரிடம் உரிமம் பெற்றதாகையால் அதிற் சேரவில்லை. உருவங்களும் ஒலிகளும் நிறுவனத்தின் உடைமையாகவே தொடர்ந்தன. பொறி பொதுச்சொத்துப் போலாயிற்று. அதற்கு ஊட்டவேண்டிய மூலப்பொருள் தனியுடைமையாக நின்றது. இம்முரண்பாட்டிலிருந்தே ‘ஃப்ரீடூம்’ என்னும் கூட்டுமுயற்சி 2000களின் தொடக்கத்தில் பிறந்தது. வாட் கோப்பின் துண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கி, அவ்விடத்தில் எவரும் பயன்படுத்தத்தக்க புதிய படத்தையும் ஒலியையும் தன்னார்வலர் ஆக்கி வைத்தனர். பூதங்கள் மாறின, சுவர்கள் மாறின, துப்பாக்கிகளும் மாறின. துண்டுகளின் எட்டெழுத்துப் பெயர்கள் மாத்திரம் பழையபடியே உள்ளன. இயக்குநிரல் இன்றும் அப்பெயர்களையே தேடுகின்றது.