எஞ்சினுக்குப் 'போத்தல் மருந்து' தேவைதானா?

ஊவா மாகாணத்தின் மலைப்பாதைகளில் ஓடும் வாகனங்கள் சமதரையில் ஓடும் வாகனங்களைக் காட்டிலும் கூடுதலாக உழைக்கின்றன. பெரகலையிலிருந்து ஹப்புத்தளை ஊடாகப் பண்டாரவளைக்கு ஏறும் லொறியும், வெல்லவாயவிலிருந்து எல்ல நோக்கி ஏறும் பஸ் வண்டியும், தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் கொழுந்து ஏற்றும் வண்டியும் தாழ்ந்த கியரில் நீண்ட நேரம் எஞ்சினை வருத்தியே ஏற வேண்டியுள்ளன. அத்தோடு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருக்கும் வண்டியைக் கட்டிக் காப்பதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 'எஞ்சின் தேய்மானத்தைப் பாதியாகக் குறைக்கும்', 'புகையை நிறுத்தும்', 'எரிபொருளை மிச்சப்படுத்தும்' என்ற வாசகங்களுடன் விற்கப்படும் ஒயில் சேர்க்கைப் போத்தல்கள் இத்தகையோரின் கண்ணில் படுவதில் வியப்பில்லை. அவை கொடுக்கும் பணத்துக்குப் பெறுமதியானவையா என்பதே நம்முன் உள்ள கேள்வியாகும்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. நாம் கடையில் வாங்கும் எஞ்சின் ஒயில் வெறும் எண்ணெய் அன்று. அடிப்படை எண்ணெயுடன் பலவகைச் சேர்க்கைப் பொருட்கள் கலந்தே அது தயாரிக்கப்படுகின்றது. கரியையும் அழுக்கையும் கழுவுவதற்கு ஒன்று, கழுவிய அழுக்கைப் படியவிடாது மிதக்க வைப்பதற்கு ஒன்று, நுரை கட்டாதிருப்பதற்கு ஒன்று, வெப்பத்தில் எண்ணெய் மிகையாக இளகாதிருப்பதற்கு ஒன்று என அவை அமைந்துள்ளன. உலோகத் தேய்மானத்தைத் தடுப்பதற்கெனத் துத்தநாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு சேர்மம் 1940களிலிருந்தே பயன்படுத்தப்பட்டு வருகின்றது. இவை யாவும் ஒன்றையொன்று கெடுக்காத அளவில் சமன்செய்யப்பட்டு, எஞ்சின்களில் ஓட்டிப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரக்குறியீடு ஓர் ஒயிலுக்கு வழங்கப்படுகின்றது. அவ்வாறு சமன்செய்யப்பட்ட கலவைக்குள் சேர்மானம் அறியாத இன்னொரு போத்தலை ஊற்றுவது, பதமாகச் சமைத்த கறியில் மேலும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போடுவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய போத்தல்களின் விளம்பரங்கள் அமெரிக்காவில் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்ட வரலாறு உண்டு. எஸ்.ரி.பி. ஒயில் சேர்க்கை தொடர்பான விளம்பரங்களுக்காக 1995ஆம் ஆண்டில் அதன் உரிமை நிறுவனம் 8 இலட்சத்து 88 ஆயிரம் டொலர் தண்டப்பணம் செலுத்த இணங்கியது. ஸ்லிக் 50 என்ற சேர்க்கை தேய்மானத்தைக் குறைக்கும் என்ற கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 1996இல் குற்றஞ்சாட்டியது. அவ்விவகாரம் 1997இல் இணக்கத்துக்கு வந்தது. டியூரா லூப், சீமெக்ஸ் ஆகியவற்றின் மீதும் முறையே 1999இலும் 2001இலும் இவ்வாறான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. சொன்ன பயனுக்கு ஆதாரம் எங்கே என்பதே இவை அனைத்திலும் எழுந்த கேள்வியாகும்.

விற்பனையாளர் மேசைமேல் சிறு இயந்திரம் ஒன்றை வைத்து, சுழலும் வளையத்தின் மீது உருளையை அழுத்திக் காட்டுவதும் உண்டு. சாதாரண ஒயிலில் உருளை தேய்கின்றது. சேர்க்கை விட்டதும் தேயாது சுழல்கின்றது. பார்ப்போர் வியப்பது இயல்பே. ஆயினும் இது எஞ்சினுக்குள் நிகழ்வதற்கு ஒப்பான சோதனை அன்று. குளோரின் கலந்த சில பொருட்கள் இதில் சிறப்பாகத் தேறிவிடும். அதே பொருட்கள் எஞ்சினின் வெப்பத்திலும் ஈரத்திலும் அமிலமாக மாறி உலோகத்தை அரிக்கவும் கூடும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் மேலும் அவதானமாக இருத்தல் வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் ஒயிலிலேயே கிளட்ச் தட்டுகளும் நனைந்து இயங்குகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்க்கையை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயம் உண்டு. ஏற்றப் பாதையில், பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும் வேளையில் அது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜசோ எம்.ஏ. என்ற குறியீடுள்ள ஒயில் இத்தகைய கிளட்ச்சுகளுக்கென்றே தயாரிக்கப்படுவதாகும்.

நீலநிறப் புகை எஞ்சினுக்குள் ஒயில் எரிவதன் அடையாளம். இறக்கத்தில் எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தி வந்த பெற்றோல் வண்டி, மீண்டும் முடுக்கும்போது நீலப்புகை கக்கினால், தேய்ந்த வால்வு வழிகாட்டிகளோ அவற்றின் சீல்களோ காரணமாக இருக்கலாம். தடித்த சேர்க்கை புகையைச் சில காலம் மறைக்கலாம். தேய்ந்த உலோகத்தை அது மீட்டுத் தராது. பழைய ரப்பர் சீல்களை மென்மையாக்கிச் சிறு கசிவைக் குறைக்கும் சேர்க்கைகள் உண்டெனினும், அவையும் தற்காலிக நிவாரணமே.

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு போத்தலின் விலை 3,000 ரூபா எனக் கொண்டால், அது அச்சம்பளத்தில் இரண்டு நாள் உழைப்புக்கும் மேற்பட்டதாகும். அதே பணத்தைக் கொண்டு ஒயில் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றலாம். காற்று வடிகட்டியைப் புதுப்பிக்கலாம். தோட்டப் பாதைகளின் நுண்மணல் எஞ்சினுக்குள் புகுந்தால் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அராவித் தேய்த்துவிடும். அத்தூசியைத் தடுப்பது காற்று வடிகட்டியே அன்றி ஒயில் சேர்க்கை அன்று.

வாகனக் கைந்நூலில் குறிப்பிட்ட தடிப்பும் தரக்குறியீடும் உள்ள ஒயிலை வாங்குதல், ஏற்றப் பாதைகளில் ஓடும் வண்டிக்குக் கடும் பாவனைக்கெனக் குறித்த குறுகிய இடைவெளியில் அதனை மாற்றுதல், வாரத்துக்கொரு முறை அளவுகோலை இழுத்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் எந்தப் போத்தலைக் காட்டிலும் எஞ்சினுக்கு ஆயுள் தருவனவாகும். பொய்யான கூற்றினால் நுகர்வோரை ஏமாற்றுவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் நமது நாட்டிலும் குற்றமாகும். ஆதலால் போத்தலை நீட்டுபவரிடம் அதன் சேர்மானம் என்ன, எந்தப் பரிசோதனையில் தேறியது என எழுத்தில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. விடை கிடைக்காவிடின், அப்பணம் சட்டைப் பையிலேயே இருப்பது நலம்.