நிலைக்கண்ணாடியும் இப்னுல் ஹைதமும்

முஸ்லிம் அறிஞர்களின் அறிவியல் தொண்டைப் பற்றி மேடைகளில் பேசுவோர், ஒளியின் எதிரொளிப்பு விதியைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று கூறுவதுண்டு. இது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்று. கண்ணாடியில் படுகின்ற கோணமும் மீள்கின்ற கோணமும் சமம் என்பதை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யூக்ளிட், ஹீரோ, தாலமி ஆகியோர் அறிந்திருந்தனர். இல்லாத புகழை அவருக்குச் சூட்ட வேண்டிய தேவையில்லை. உள்ள புகழே பெரிது.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம், கி.பி. 965 (ஹிஜ்ரி 354) வாக்கில் பஸராவில் பிறந்து, 1040 வாக்கில் கெய்ரோவில் வஃபாத்தானவர். நைல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த கலீஃபா அல்ஹாகிம் அவரை அழைத்ததையும், அது இயலாதென உணர்ந்த அவர் கலீஃபாவின் சினத்திற்கஞ்சிப் பித்தர்போல் நடித்ததையும் இப்னுல் கிஃப்தி எழுதியுள்ளார். அது தனிக்கதை.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர் கண்ணாடியில் மோதித் திரும்பிப் பொருளைத் தொடுகிறது என்பதே யூக்ளிடும் தாலமியும் கொண்ட கருத்து. இப்னுல் ஹைதம் இதைத் தலைகீழாக்கினார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணாடியில் பட்டு மீண்டு கண்ணுக்குள் நுழைகிறது என்றார். சொல்லியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார். துளைகளிட்ட வளையமொன்றை அமைத்து, அதனுள் ஏழு வகை ஆடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினார். சமதள ஆடி ஒன்று. கோளம், உருளை, கூம்பு ஆகியவற்றின் வெளிப்புறமும் உட்புறமுமாக ஆறு. ஒரு துளைவழி நுழைந்த ஒளி, சமகோணத்திலுள்ள எதிர்த்துளை வழியாகவே வெளியேறியது. படுகதிர், மீள்கதிர், ஆடிக்குச் செங்குத்தான கோடு ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் அமைவதையும் அவர் தெளிவாக எடுத்துரைத்தார்.

ஏன் சமகோணம்? ஆடியில் மோதித் தெறிக்கும் சிறு உலோகக் குண்டை உவமையாக்கினார். ஆடியை நோக்கிய இயக்கம் மட்டும் எதிர்த்திசையில் திரும்புகிறது. ஆடியின் பரப்பை ஒட்டிய இயக்கம் மாறுவதில்லை. எனவே கோணம் சமமாகிறது. எத்துணை எளிய விளக்கம்!

பிம்பம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த வினா. அது ஆடியில் பதிந்திருப்பதன்று. பதிந்திருப்பின், நாம் நகரும்போது ஆடியின் பரப்பில் அது தோன்றும் இடம் மாறலாகாது, ஆனால் மாறுகிறது. மீள்கதிரை ஆடிக்கு அப்பால் நீட்டி, பொருளிலிருந்து ஆடிக்கு இறக்கிய செங்குத்தையும் நீட்டினால், இரண்டும் சந்திக்கும் புள்ளியே பிம்பத்தின் இடம். ஆகவே 2 மீட்டர் முன்னே நிற்பவரின் பிம்பம் 2 மீட்டர் பின்னே தோன்றும். இருவருக்கும் இடையே 4 மீட்டர்.

இவை அடங்கிய 'கிதாபுல் மனாளிர்' ஏழு பாகங்களைக் கொண்டது. கீழைநாடுகளில் நெடுங்காலம் அதைக் கருத்தூன்றிப் பயின்றோர் மிகச் சிலரே. குத்புத்தீன் ஷீராஸி தூண்ட, அவருடைய மாணவர் கமாலுத்தீன் ஃபாரிஸி அதற்கு விரிவுரை எழுதினார். ஐரோப்பாவிலோ லத்தீன் மொழிபெயர்ப்பு ஊன்றிப் படிக்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது; கெப்ளரும் அதைப் பயின்றார். ஆடிகளைப் பற்றிய 4, 5ஆம் பாகங்களின் அரபு மூலமோ, அப்துல் ஹமீது ஸப்ராவின் பதிப்பாகக் குவைத்தில் 2002இல்தான் வெளிவந்தது. 430 ஆண்டுகள் கழித்து.